சீட்டில்லாத இடத்திலும் கடன் உண்டு

வெளிநாட்டுப் பயணம் என்றால் பட்டியலில் உள்ள இடங்களை ஒன்றுவிடாமல் பார்த்து, ஒவ்வொன்றின் முன்னும் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவது என்றிருந்த வழக்கம் மாறிவருகிறது. 'கூட்டம் மொய்க்கும் இடங்கள் வேண்டாம்; அந்த ஊர்க்காரர்கள் எங்கே காய்கறி வாங்குகிறார்கள், எங்கே குளிக்கிறார்கள், சாயங்காலம் எங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்' என்று சொல்லும் பயணிகள் கூடிவருகிறார்கள். நல்ல மாற்றம்தான். ஓர் ஊரை அதன் மனிதர்களோடு சேர்த்து அறிய விரும்புவதில் மரியாதை இருக்கிறது. ஆனால் அந்த விருப்பத்தோடு சில கடமைகளும் வந்து சேர்கின்றன. அவற்றைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. நியூசிலாந்தின் ரொட்டோருவா நகரத்தை முன்வைத்து அதைப் பேசலாம். அங்கே சுற்றுலா இடமும் ஊர் வாழ்க்கையும் நிலத்தடியில் இருக்கும் ஒரே வெந்நீரை நம்பி நிற்கின்றன.

நியூசிலாந்தின் வடக்குத் தீவில், எரிமலைப் பகுதியின் நடுவே, ஓர் ஏரிக்கரையில் இருக்கிறது ரொட்டோருவா. மாவட்டம் முழுவதும் சேர்த்து எழுபதாயிரத்துக்கும் அதிகமான மக்கள். அவர்களில் பத்துக்கு நான்கு பேர் மாவோரி இனத்தவர். ஊருக்குள் நுழைந்ததுமே அழுகிய முட்டை வாடை வரவேற்கும். பூமிக்குள்ளிருந்து கசியும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவின் வாடை அது. வெள்ளிப் பாத்திரமும் நகையும் அங்கே சீக்கிரம் கறுத்துப்போகும். சாலையோரச் சாக்கடை மூடிகளிலிருந்தும், பூங்காவின் புதர்களுக்கிடையிலிருந்தும், சில வீடுகளின் கொல்லைப்புறத்திலிருந்தும் ஆவி எழுந்துகொண்டிருக்கும். மலைகளில் பெய்யும் மழை ஆழத்துக்கு இறங்கி, எரிமலைச் சூட்டில் கொதித்து, வெடிப்புகள் வழியே மேலே வருகிறது. சில இடங்களில் அது சேற்றுக் குமிழாகவும், சில இடங்களில் நிறம் மாறும் குளமாகவும், அரிதாகச் சில இடங்களில் வானை நோக்கிப் பீறிடும் கெய்சராகவும் வெளிப்படுகிறது. இவற்றில் பெயர்பெற்ற போஹுட்டு, ஒரு நாளில் பல முறை, சுமார் 30 மீட்டர் உயரம் வரை கொதிநீரை வீசுகிறது.

ஊருக்குத் தெற்கே சற்றுத் தொலைவில் வை-ஓ-தாப்பு என்னும் இடத்தில் லேடி நாக்ஸ் என்றொரு கெய்சர் உண்டு. தினமும் காலை 10.15 மணிக்கு அதன் வாயில் சோப்புத் தூளைக் கொட்டி அதைப் பீறிட வைக்கிறார்கள். முன்பு அப்பகுதியில் வேலை செய்த சிறைக்கைதிகள் துணி துவைத்தபோது தற்செயலாகக் கண்டுபிடித்த வித்தை இது என்று சொல்லப்படுகிறது. வரிசை இருக்கைகளில் அமர்ந்து, குறித்த நேரத்தில், குறித்த அற்புதத்தைப் பார்க்கும் பயணிக்கு ஒரு குறை தோன்றினால் அதில் வியப்பில்லை. அவர் அடுத்த நாள் சீட்டு எதுவும் வாங்காமல் ஊரைப் பார்க்கக் கிளம்புகிறார். ரொட்டோருவா அதற்கு இடம் கொடுக்கும் ஊர். நகரின் நடுவே இருக்கும் குயிராவ் பூங்காவில் கொதிக்கும் குளங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். வெந்நீர்த் தொட்டியில் கால் நனைத்துக்கொண்டு உள்ளூர்ப் பெரியவர்களோடு உட்காரலாம். சனிக்கிழமை காலையில் அங்கே சந்தை கூடும். ஏரிக்கரையில் ஒஹினேமுட்டு என்னும் மாவோரிக் குடியிருப்பு இருக்கிறது. ஊருக்கு வெளியே காட்டுக்குள் ஓடும் கெரோசின் கிரீக் என்ற வெந்நீரோடையில் உள்ளூர் இளைஞர்கள் மாலையில் குளிப்பார்கள்.

இப்படிக் கிளம்பும் பயணி ஒரு கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்: நான் தவிர்க்கும் சுற்றுலா இடம் யாருடையது? சீட்டுப் பணம் யார் கைக்குப் போகிறது? பல ஊர்களில் இதற்கு விடை ஏதோ ஒரு பெருநிறுவனமாக இருக்கலாம். ரொட்டோருவாவில் விடை வேறு. அதை அறியச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

தாராவேரா ஏரிப் பக்கம், டே வைரோவா என்ற ஊரில் தூஹௌரங்கி என்னும் மாவோரிக் குடியினர் வாழ்ந்தார்கள். அருகிலிருந்த இளஞ்சிவப்பு, வெள்ளைச் சிலிக்காப் படித்திட்டுகளைக் காண 19ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியர்கள் கப்பலேறி வந்தார்கள். அவர்களைப் படகில் அழைத்துப் போய்க் காட்டியவர்களும், கட்டணம் நிர்ணயித்தவர்களும் அந்தக் குடியினரே. 1886 ஜூன் 10 அதிகாலை தாராவேரா எரிமலை வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஊர்கள் சாம்பலிலும் சேற்றிலும் புதைந்தன. படித்திட்டுகளும் கண்ணிலிருந்து மறைந்தன. சோஃபியா ஹினெராங்கி என்ற வழிகாட்டியின் வீட்டுக்குள் அடைக்கலம் புகுந்த பலர் உயிர் பிழைத்தார்கள். ஊரை இழந்த தூஹௌரங்கியினரில் பலர் ரொட்டோருவாவை ஒட்டிய ஃபாகரேவரேவாவில், உறவுக்குடியினரின் நிலத்தில் குடியேறினார்கள். தங்களுக்குத் தெரிந்த தொழிலை அங்கேயும் தொடர்ந்தார்கள். சோஃபியாவும் அங்கேதான் மீண்டும் வழிகாட்டினார். அவருக்குப் பின் வந்த மகெரெட்டி பாப்பகுரா, 1901இல் பிரிட்டிஷ் இளவரசரையும் அவர் மனைவியையும் அந்த ஊரில் அழைத்துச் சென்று காட்டியவர். பிறகு இங்கிலாந்து சென்று, ஆக்ஸ்ஃபோர்டில் மானுடவியல் படித்து, தம் மக்களின் வாழ்வைத் தாமே எழுதினார். அவர் மறைந்த பிறகு, 1938இல் அந்த நூல் வெளிவந்தது.

ஆகவே ஃபாகரேவரேவாவில் வழிகாட்டுவது சில தலைமுறைகளாகக் கைமாறிவரும் குடும்பத் தொழில். இன்றும் அது மனிதர்கள் வாழும் ஊர். பூமியிலிருந்து வரும் ஆவியை மரப்பெட்டிக்குள் திருப்பி இறைச்சியும் கிழங்கும் வேகவைக்கிறார்கள். கொதிக்கும் குளத்தில் சோளக்கதிரைத் துணிப்பையில் கட்டி இறக்கி எடுக்கிறார்கள். வெந்நீரைத் திறந்தவெளித் தொட்டிகளுக்கு வாய்க்காலில் கொண்டுவந்து, பயணிகள் போன பிறகு ஊரார் சேர்ந்து குளிக்கிறார்கள். வாசலில் வாங்கும் சீட்டு அந்தக் குடும்பங்களின் வருமானம். 'சுற்றுலா இடம் வேண்டாம், உண்மையான வாழ்க்கையைப் பார்க்கிறேன்' என்று சொல்லி அதே ஊரை வேலிக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்த்து, அதே மக்களைப் படம் பிடித்துப் போகிறவர் அவர்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுக்காமல் போகிறார். போஹுட்டு இருக்கும் டே புயாவுக்கும் இது பொருந்தும். 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு உருவாக்கிய மாவோரிக் கலை, கைவினைக் கழகம் அங்கே இயங்குகிறது. மரச் செதுக்கலும் நெசவும் இளைஞர்களுக்குக் கற்றுத் தரப்படுகின்றன. 2020இல் அக்கழகத்தை உள்ளூர் மாவோரிக் குடிகளிடமே ஒப்படைக்கும் சட்டம் நிறைவேறியது. அங்கே கொடுக்கும் கட்டணத்தில் ஒரு பங்கு உளி பிடிக்கக் கற்கும் கைகளுக்குப் போகிறது.

இது ஒரு பக்கம். ஊர் வாழ்க்கையைப் போற்றும்போது நாம் மறந்துவிடும் மறுபக்கமும் இருக்கிறது. அதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ரொட்டோருவாவின் பெரும்பகுதியில், வீட்டு மனையிலேயே ஆழ்துளைக் கிணறு தோண்டினால் வெந்நீர் கிடைக்கும். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க, குளிக்க, கொல்லையில் ஒரு சிறு குளம் அமைக்க அது போதும். எண்ணெய்ச் செலவும் மின்கட்டணமும் மிச்சம். 1970களில் உலகெங்கும் எண்ணெய் விலை ஏறியபோது ரொட்டோருவாவில் கிணறுகள் பெருகின. வீடுகள், தங்கும் விடுதிகள், அலுவலகங்கள் எல்லாம் எடுத்தன. எடுத்த நீரைத் திரும்ப நிலத்தடிக்கு அனுப்பும் வழக்கம் அப்போது பரவலாக இல்லை; சூடு ஆறியதும் அது வடிகாலில் ஓடிப் போனது. ஊரார் யாரும் பேராசைக்காரர்கள் அல்லர். தங்கள் காலடியில் கிடைத்ததைச் சிக்கனமாக வாழப் பயன்படுத்தினார்கள், அவ்வளவுதான். நம் ஊரில் பக்கத்து மனையில் ஆழமாக போர் போட்டதும் நம் வீட்டுக் கிணறு வற்றுகிறதே, அந்தக் கதை அங்கே கொதிநீரில் நடந்தது.

கெய்சர் பீறிட, நிலத்தடி நீருக்கு ஒரு குறிப்பிட்ட அழுத்தம் வேண்டும். அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் நீர் மேலே வராது. குளிர்ந்த நீர் அந்த இடத்தில் புகுந்துவிடும். ஃபாகரேவரேவாவில் ஓயாமல் பீறிட்டுக்கொண்டிருந்த பாப்பகுரா கெய்சர் 1979இல் நின்றுபோனது. மற்ற ஊற்றுகளும் தளர்ந்தன. அடுத்தது போஹுட்டுவா என்ற அச்சம் எழுந்தது. 1982இல் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. நகரத்துக் கிணறுகளுக்கும் ஊற்றுகளுக்கும் இடையே நிலத்தடியில் தொடர்பு இருக்கிறது என்பதை அளவீடுகள் காட்டின. 1986இல் அரசு உத்தரவிட்டது: போஹுட்டுவைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருக்கும் ஆழ்துளைக் கிணறுகள் அனைத்தும் மூடப்பட வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட கிணறுகள் மூடப்பட்டன. வட்டத்துக்கு வெளியே எடுப்பவர்களுக்குக் கட்டணம் விதிக்கப்பட்டது; பலர் தாங்களாகவே நிறுத்திக்கொண்டார்கள்.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. இருக்காதா? குளிர்காலத்தில் இலவசமாகக் கிடைத்த சூடு ஒரே உத்தரவில் போய்விட்டது. வட்டத்துக்குள் வீடு இருந்தவர் இழந்தார். தெரு தாண்டி இருந்தவர் தப்பினார். சுற்றுலாவால் லாபம் அடைந்தவரும் இழப்பைச் சுமந்தவரும் ஒரே ஆள் அல்லர். அந்த அநீதி உணர்வை நாம் சிறுமைப்படுத்தக் கூடாது. ஆனாலும் பலன் வந்தது. நிலத்தடி நீர்மட்டம் மீண்டும் ஏறியது. பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்த ஊற்றுகள் உயிர் பெற்றன. 36 ஆண்டுகள் மௌனமாக இருந்த பாப்பகுரா 2015இல் திரும்பவும் கொதிநீர் கக்கத் தொடங்கியது. உலகில் அழிந்துபோன கெய்சர்கள் ஏராளம். மனிதர்கள் எடுப்பதைக் குறைத்துக்கொண்டதால் ஒன்று திரும்பி வந்தது என்பது மிக அரிய செய்தி.

அரிய செய்தி என்பதை உணர அந்த நாட்டின் வேறு இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். தாவ்போ நகருக்கு அருகே வைராக்கேயில் 1958இல் புவிவெப்ப மின்நிலையம் தொடங்கியது; இத்தாலியின் லார்டெரெல்லோவுக்குப் பிறகு உலகில் பெரிய அளவில் அமைந்த முன்னோடி நிலையம் அது. பக்கத்திலேயே கெய்சர் பள்ளத்தாக்கு என்று புகழ்பெற்ற இடம் இருந்தது. சில ஆண்டுகளிலேயே அதன் கெய்சர்கள் அடங்கிவிட்டன. நிலமும் சில இடங்களில் பல மீட்டர் தாழ்ந்தது. ஓராக்கே கோராக்கோவில் நீர்மின் திட்டத்துக்காக வைக்காட்டோ ஆற்றின் குறுக்கே அணை கட்டியபோது, 1961இல் பல கெய்சர்களும் வெந்நீர் ஊற்றுகளும் நீர்த்தேக்கத்துக்கு அடியில் போயின. மின்சாரம் நாட்டுக்குத் தேவைதான். ஆனால் அந்த முடிவுகளை எடுத்தபோது அந்த ஊற்றுகளோடு தலைமுறைகளாக வாழ்ந்தவர்களின் சொல்லுக்குப் போதிய எடை இல்லை. போனது போனதுதான். பாப்பகுரா போல அவை திரும்பவில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு, 'சுற்றுலாப் பயணி கெடுக்கிறான், ஊர்க்காரன் காக்கிறான்' என்ற எளிய கணக்கு நிற்காது. ஊர்க்காரரின் வெந்நீர்க் குழாயும் ஊற்றை வற்றவைக்கும். நாட்டின் மின்நிலையமும் வற்றவைக்கும். பயணி தங்கும் விடுதியின் தனிக்குளமும் வற்றவைக்கும். காப்பாற்றுவதும் இந்த மூவரும் சேர்ந்தால்தான் முடியும். 1986இல் ரொட்டோருவா வீட்டுக்காரர்கள் தங்கள் பங்கைக் கொடுத்தார்கள். விருப்பத்தோடு கொடுத்தவர்களும் உண்டு, வேறு வழியின்றிக் கொடுத்தவர்களும் உண்டு. இப்போது மற்றவர்களின் முறை. உள்ளூர் வாழ்க்கையை நேசித்து வருவதாகச் சொல்லும் பயணிக்கு அதில் முதல் பொறுப்பு இருக்கிறது என்பேன்.

அவர் செய்யக்கூடியது என்ன? தங்குமிடத்தை முன்பதிவு செய்யும்போதே ஒரு கேள்வி கேட்கலாம்: உங்கள் குளத்து நீர் எங்கிருந்து வருகிறது, பயன்படுத்திய பின் நிலத்தடிக்கே திரும்புகிறதா? பிராந்திய நிர்வாகத்தின் விதிகள் இன்று அதைத்தான் வலியுறுத்துகின்றன: எடுத்த நீரின் சூட்டை மட்டும் பயன்படுத்திக்கொண்டு நீரைத் திரும்ப உள்ளே செலுத்துவது. விருந்தினர் கேட்கக் கேட்க, விடுதிகள் அதைத் தங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளத் தொடங்கும். விருந்தினர் கேட்காதவரை, அறைக்கு ஒரு குளம் என்ற விளம்பரம்தான் பெருகும்.

அடுத்தது, வேலி. குயிராவ் பூங்காவில் குளங்களைச் சுற்றி மரவேலிகள் இருக்கின்றன. அழகுக்காக வைத்தவை அல்ல. 2001 ஜனவரியில் அந்தப் பூங்காவில் நிலம் திடீரென வெடித்துச் சேற்றையும் கற்களையும் வானுயர வீசியது. நிலத்தடி அழுத்தம் மீண்டு வரும் ஊரில் எங்கே, எப்போது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நல்ல படத்துக்காக வேலியைத் தாண்டும் ஒருவரைக் காப்பாற்ற உள்ளூர்த் தீயணைப்பு வீரர்தான் அந்த மெல்லிய தரையில் கால் வைக்க வேண்டியிருக்கும். கெரோசின் கிரீக்கில் குளிப்பவர் தலையை நீருக்குள் அமிழ்த்தக் கூடாது. இயற்கை வெந்நீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக ஏறினால் மூளையைத் தாக்கும். அங்கே கண்ணாடிப் புட்டி கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனதைத் திரும்ப எடுத்து வர வேண்டும். விட்டுப்போகும் குப்பையை அள்ளுவதற்குச் சீட்டுப் பணம் வசூலிக்கும் நிர்வாகம் அங்கே இல்லை.

குளத்தில் காசு போடும் பழக்கம் வேறு. அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் 'மார்னிங் குளோரி' என்ற வெந்நீர்க் குளம், பயணிகள் பல ஆண்டுகளாக வீசிய காசுகளாலும் குப்பைகளாலும் ஊற்றுக்கண் அடைபட்டு, சூடு குறைந்து, தன் நீல நிறத்தில் பெரும்பகுதியை இழந்தது. ஃபாகரேவரேவாவின் பாலத்தடி ஓடையில், பயணிகள் எறியும் காசை மூழ்கி எடுப்பது உள்ளூர்ச் சிறுவர்களின் நெடுநாள் வழக்கம். அது அவர்கள் இடம், அவர்கள் விளையாட்டு. அதைப் பார்த்துவிட்டு அடுத்த கொதிகுளத்திலும் காசு வீசுவதற்கு யாரும் அனுமதி தரவில்லை.

ஒஹினேமுட்டு இன்னும் நுட்பமான இடம். ஏரிக்கரையில் மாவோரி முறையில் செதுக்கல் வேலைகள் நிறைந்த தேவாலயம் இருக்கிறது. அதன் கண்ணாடிச் சாளரத்தில் மாவோரிப் போர்வை அணிந்த இயேசு, பின்னால் தெரியும் ஏரியின் மேல் நடந்து வருவதுபோல் பொறிக்கப்பட்டிருக்கிறார். எதிரே டாமாடேகாப்புவா என்னும் சபை இல்லம். நிலத்தைத் தோண்டினால் வெந்நீரும் ஆவியும் வருவதால், கல்லறைகள் தரைக்கு மேலே கட்டப்பட்டிருக்கின்றன. இவை அனைத்துக்கும் நடுவே மக்களின் வீடுகள். துணி காய்கிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள். வாசலில் சீட்டு இல்லை என்பதாலேயே இது பூங்கா ஆகிவிடாது. இறப்பு நேர்ந்தால் சபை இல்லத்தில் உறவினர் நாள்கணக்கில் கூடி இருப்பார்கள். அந்த நாளில் வந்த பயணி சாலையிலிருந்தே திரும்பிவிட வேண்டும். தேவாலயத்துக்குள் படம் எடுக்க வேண்டாம் என்று எழுதியிருந்தால் அது கைபேசிக்கும் சேர்த்துத்தான். நம் வீட்டுத் துக்கத்தில் அந்நியர் ஒருவர் கேமராவோடு நின்றால் நாம் என்ன சொல்வோமோ, அதை அவர்கள் பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவர்கள் சொல்லாததையும் கேட்டு நடப்பதுதான் உள்ளூர் வாழ்க்கையைப் பார்க்க வந்தவருக்குத் தகுதி.

தங்குமிடம் பற்றியும் நேராகப் பேச வேண்டும். 'ஊர்க்காரர்போல வாழ்ந்து பார்க்க வேண்டும்' என்று குடியிருப்புத் தெருவில் வீடெடுத்துத் தங்கும் பழக்கம் பரவியிருக்கிறது. கொரோனா காலத்தில் நாட்டின் எல்லைகள் மூடப்பட்டபோது, ரொட்டோருவாவின் ஃபென்டன் தெரு விடுதிகளில் வீடில்லாத குடும்பங்கள் அரசின் அவசரத் தங்கல் திட்டத்தின்கீழ் குடியமர்த்தப்பட்டன. எல்லைகள் திறந்து பயணிகள் திரும்பிய பிறகும் பல குடும்பங்களுக்கு நிரந்தர வீடு கிடைக்கவில்லை. ஊரே அதைப் பற்றி ஆண்டுக்கணக்கில் விவாதித்தது. பயணிகளுக்கென்று கட்டிய அறையில் உள்ளூர்க் குடும்பமும், குடும்பத்துக்கென்று கட்டிய வீட்டில் பயணியும் இருக்கும் நிலை எந்த ஊருக்கும் நல்லதல்ல. வீட்டுத் தட்டுப்பாடு உள்ள ஊரில் உரிமம் பெற்ற விடுதியிலோ, ஊரார் தாங்களும் குடியிருந்துகொண்டு நடத்தும் தங்குமிடத்திலோ தங்குவதே சரி. உள்ளூர்க்காரரின் வாழ்க்கையை அறிய அவர் வீட்டையே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அரசின் பங்கு என்ன? நியூசிலாந்து 2019 முதல் வெளிநாட்டுப் பயணிகள் பெரும்பாலோரிடம் தலைக்கு 35 நியூசிலாந்து டாலர் வரி வசூலித்தது. 2024 அக்டோபரில் அதை 100 டாலராக உயர்த்தியது. நிலத்தையும் பண்பாட்டையும் மதித்து நடப்பேன் என்று பயணிகள் ஏற்க வேண்டிய 'தியாக்கி' உறுதிமொழியையும் 2018 முதல் பரப்பிவருகிறார்கள். வரியை நான் ஆதரிக்கிறேன். இந்தியாவிலிருந்து போகும் குடும்பத்துக்கு அது சிறு தொகை அல்ல, ஆனாலும் நியாயமானது. அந்த நியாயம் நிற்க ஒரு நிபந்தனை உண்டு. பணம் விமான நிலையத்திலிருந்து தலைநகருக்குப் போய் அங்கேயே கரைந்துவிடக் கூடாது. நிலத்தடி நீர்மட்டத்தை அளக்கும் கருவிகளுக்கும், சீட்டில்லாத இடங்களின் கழிப்பறைக்கும் வேலிக்கும் துப்புரவுக்கும், நீரைத் திரும்பச் செலுத்தும் அமைப்பை நிறுவ முடியாத எளிய வீடுகளுக்கு உதவியாகவும் அதில் குறிப்பிட்ட பங்கு போக வேண்டும். 1986இல் கிணறு மூடியவர்களின் பிள்ளைகள் இன்றும் அதே தெருக்களில் மின்கட்டணம் கட்டிக்கொண்டு வாழ்கிறார்கள். போஹுட்டுவைப் பார்க்க வருவோரின் வரியில் அவர்களுக்கும் ஒரு பங்கு போவதே முறை.

பேச்சுவார்த்தை மேசையில் யார் உட்கார வேண்டும் என்பதிலும் அந்த ஊரின் வரலாறு பாடம் சொல்கிறது. ரொட்டோருவா நகரம் அமைந்ததே 1880இல் ஙாட்டி ஃபாகாவே குடியினர் அரசோடு செய்துகொண்ட ஃபென்டன் ஒப்பந்தத்தால். நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்கு, வருமானம் நிலத்துக்குரியவர்களுக்கு. மருத்துவமனைக்கும் பொது இடங்களுக்கும் அவர்கள் நிலத்தைக் கொடையாகவும் கொடுத்தார்கள். ஆனால் குத்தகைப் பணம் சரிவர வரவில்லை. பத்தாண்டுக்குள் நகர நிலத்தின் பெரும்பகுதியை அரசே விலைக்கு வாங்கிவிட்டது. கூட்டுப்பொறுப்பு என்று பேச்சு வரும்போதெல்லாம் 'எங்கள் பங்கை முன்பே கொடுத்துவிட்டோமே' என்று அந்தக் குடியினர் நினைத்தால் அதில் தவறில்லை. பிற்காலத்தில் சில திருத்தங்கள் நடந்தன. 2006இல் ரொட்டோருவாப் பகுதி ஏரிகளின் அடிநிலத்து உரிமை, ஙாட்டி ஃபாகாவேயும் அடங்கிய டே அராவா குடிகளுக்குத் திரும்பியது. ஃபாகரேவரேவாவின் வெந்நீர் நிலங்களும் அதன் பின்னர் உரியவர்களிடம் திரும்பின. வெந்நீரைப் பற்றிய எந்த முடிவும் இனி அவர்களைக் கேட்டு, அவர்களின் ஒப்புதலோடுதான் நடக்க வேண்டும். நகர மன்றம், பிராந்திய நிர்வாகம், விடுதி உரிமையாளர்கள், வட்டத்துக்குள் வாழும் சாதாரண வீட்டுக்காரர்கள் எல்லாரும் அதே மேசையில் இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் தாம் எதை விட்டுக்கொடுப்போம் என்பதைச் சொல்லிவிட்டுப் பேசத் தொடங்கினால் உடன்பாடு எட்டாத தூரத்தில் இல்லை. தியாகத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து தொடங்கச் சொல்லும் பேச்சு எந்த நாட்டிலும் முடிவுக்கு வருவதில்லை.

நமக்கும் இதில் ஒரு நேரடி வேலை இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து நியூசிலாந்துக்குக் குழுப் பயணம் ஏற்பாடு செய்பவர்கள் ரொட்டோருவாவுக்குப் பெரும்பாலும் அரை நாள், அதிகம் போனால் ஓர் இரவு ஒதுக்குகிறார்கள். ஒரு கெய்சர், ஒரு நடன நிகழ்ச்சி, இரவு உணவு, பேருந்து. இரண்டு முழு நாள்கள் கொடுத்தால் ஒரு நாளை ஃபாகரேவரேவாவில் அவ்வூரைச் சேர்ந்த வழிகாட்டியோடு செலவிடலாம். ஆவிப்பெட்டியில் வெந்த கிழங்கும் கறியும் அங்கேயே வாங்கிச் சாப்பிடலாம். மறுநாள் காலை சந்தையிலும் பூங்காவிலும் அவரவர் விருப்பம்போல் நடக்கலாம். சைவம் சாப்பிடுபவர்களுக்குக் கிழங்கும் பூசணியும் சோளமும் போதும். வழிகாட்டிக்கான தொகையைக் கட்டணத்துக்குள்ளேயே சேர்த்து, அது யாருக்குப் போகிறது என்பதையும் பயணிகளிடம் சொல்லிவிட வேண்டும். எங்கே படம் எடுக்கலாம், எங்கே கூடாது என்பதை விமானம் ஏறுவதற்கு முன்பே தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். ஆக்லாந்திலும் வெலிங்டனிலும் வாழும் தமிழர்கள் ஊரிலிருந்து வரும் பெற்றோரையும் உறவினரையும் அழைத்துப் போகும்போது இதையே செய்யலாம். வழி தெரிந்தவர்கள் அவர்கள். கோடை விடுமுறைக்கான பயண அட்டவணைகள் நம் ஊரில் தைப் பொங்கலுக்கு முன்பே தயாராகிவிடும். ஏற்பாட்டாளர்கள் இப்போதே உட்கார்ந்து அந்த இரண்டாவது நாளைச் சேர்க்கட்டும்; பணம் கட்டப்போகிறவர்களும் அதைக் கேட்டு வாங்கட்டும்.